கிழக்குக் காற்று அடித்த சனிக்கிழமை

வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வதுதான் பத்து வயதில் என் உத்தியோகம். சவுத்தால் என்ற ஆங்கிலேய ஊருக்குத் தெற்கே, விமான நிலைய வேலிக்குக் கிட்டத்தட்டக் கூப்பிடுதூரத்தில் இருந்தோம். ஒருநாள் அங்கிருந்தே கடிதம் வந்தது. தெற்கு ஓடுபாதையில் புதிதாகத் தார் போடப் போகிறார்களாம். சில வார இறுதிகளில் அதை மூடிவிடுவார்களாம்.

"சத்தம் கொஞ்சம் கூடவா இருக்குமாம்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். கடிதத்தின் இரண்டாவது பந்தியை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

அந்தப் பந்தியை விளங்கப்படுத்தியவர் மாமா, அம்மாவின் அண்ணன். அந்த வேலைக்குத் தார் ஏற்றும் லொறியை அவர்தான் ஓட்டினார். விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் வடக்கு ஓடுபாதையிலிருந்து கிழக்கே, எங்கள் கூரைகளுக்கு மேலாகக் கிளப்புவதில்லை என்று இந்தப் பகுதிச் சனங்களுக்கு எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். தெற்குப் பாதை மூடிக்கிடக்கும் நாளில் கிழக்குக் காற்று அடித்தால், அந்த வாக்கும் காற்றோடு போய்விடும்.

"அப்ப கொன்கோர்ட்டும் எங்கட வீட்டுக்கு மேலாலயோ மாமா?"

"ஓம், வேற எங்கால போறது? அதைக் கனநேரம் வரிசையில நிப்பாட்டி வைக்கவும் ஏலாது. நிண்ட இடத்திலயே எண்ணெயைக் குடிச்சுப்போடும்."

ஒலியை முந்திப் பறக்கும் அந்த வெள்ளை விமானத்தை அதுவரை தூரத்துக் கூரைகளுக்கு அப்பால்தான் பார்த்திருந்தேன். இனி அதன் வயிற்றையே பார்க்கலாம்.

அந்த வருடம்தான் அம்மாவின் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். சித்தி அதிகம் வெளியே போகமாட்டார். விமானங்கள் தாழ்வாக இறங்கும் நேரங்களில் ரேடியோவைக் கூட்டி வைப்பார். பாட்டில் அவ்வளவு பிரியம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த மிக அழகான பொருளைக் காட்டினால் சிரித்துவிடுவார் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை அம்மா ஷிப்டுக்குப் போய்விட்டார். பின்வளவுக் கொடியில் பெட்சீட்டுகள் மேற்குப் பக்கமாக உப்பி நின்றன. கிழக்குக் காற்றேதான். நான் கடைசி வேலியோரம் போய் நின்றுகொண்டு சித்தியைக் கூப்பிட்டேன்.

சித்தி குசினிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை? பிளேன் ஏதும் வருமோ?"

"இல்லை சித்தி, இண்டைக்கு இந்தப் பக்கம் வராது. கடிதத்தில போட்டிருக்கு."

கடிதம் வாசிப்பவள் நான். அதனால் நம்பிப் படியிறங்கினார்.

முதலில் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிறகு என் நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது. தெருவில் நின்ற கார்களின் அலாரங்களெல்லாம் அலறத் தொடங்கின. "பாருங்கோ!" என்று மேலே கையைக் காட்டியது நினைவிருக்கிறது. மறுகணம் சித்தி என்னை மோதி விழுத்தி, என்மேல் குப்புறக் கிடந்தார். அவருடைய இரண்டு கைகளும் என் தலையைப் பொத்திப் பிடித்திருந்தன. "வாயைத் திற பிள்ளை, வாயைத் திற" என்று என் காதுக்குள் கத்தினார். திறந்தேன். வாய் நிறையப் புல்.

சத்தம் தேய்ந்து ஓய்ந்தபோது வானத்தில் புகை மட்டும் இருந்தது. நான் ஓவென்று அழுதேன், விமானத்தைப் பார்க்க முடியவில்லையே என்று.

சித்தியின் முழங்கையில் என்ன காயம் என்று பின்னேரம் அம்மா கேட்டார். "தடக்கி விழுந்திட்டன் அக்கா" என்றார் சித்தி. என் பொய்யைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

குண்டுச் சத்தத்தில் காது கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்திருப்பார்கள் என்று பல வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். அதற்கும் பிறகுதான் மற்றது உறைத்தது. திறந்த கதவு சித்திக்கு இரண்டடி பின்னால் இருந்தது. குண்டு விழப்போகிறதென்று முழுதாக நம்பியவர், அதற்குள் போகாமல், வெட்டவெளியைக் கடந்து வேலிவரை ஓடி வந்திருக்கிறார்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் என் விமானத்தை மறைத்துவிட்டார் என்பதுதான். ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை.