ஈரத்துணியில் நூறு விதை

அவளுக்கு ‘நூறு’ என்று பட்டப்பெயர் விழுந்து இருபது வருஷம் இருக்கும். முதல் மழை விழுந்ததும் மற்றவர்கள் டிராக்டருக்கு அலைவார்கள். அவளோ டிரம்மிலிருந்து நூறு மக்காச்சோள விதையை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வைப்பாள். ஐந்தாம் நாள் முளைத்ததை எண்ணுவாள். தொண்ணூறுக்குக் குறைந்தால் அந்த விதை கோழிக்கு. அவளைக் கேலி செய்யாதவர்களும் இல்லை, அவளிடம் விதை வாங்காதவர்களும் இல்லை.

இந்த வருஷம் துணியைப் பிரித்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். முப்பத்தெட்டு. மிச்சமெல்லாம் பூசணம் பூத்துக் கிடந்தது. போன அறுவடையின்போது வானம் கறுத்ததைப் பார்த்துப் பதறி, சரியாகக் காயாத விதையை டிரம்மில் கொட்டி மூடியது அவளேதான்.

தன் நிலத்தில் அவள் இன்னும் விதைக்கவில்லை. ஆனால் கொழுந்தன் நாலு நாள் முன்பே இதே டிரம்மிலிருந்து அள்ளிப்போய் மூன்று ஏக்கரையும் விதைத்துவிட்டான். “அண்ணி விதைக்கு எதுக்கு சோதனை?” என்று சிரித்துவிட்டுத்தான் போனான். கிணறு இல்லாத நிலம். மண்ணின் ஈரம் இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.

“பேசாம இரு,” என்றார் கணவர். “அதான் மழை நின்னுபோச்சே. முளைக்கலைன்னா மழையைத்தான் திட்டுவான்.”

ஒரு நிமிஷம் அவளுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதை நினைத்து அவளுக்கே பயம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கொழுந்தன் வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, விதை கெட்டுப்போச்சு. நூத்துக்கு முப்பத்தெட்டுதான் தேறுது. ஈரத்தோட மூடிட்டேன். என் தப்பு.”

அவன் குனிந்து மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து நசுக்கினான். கூழாகிவிட்டது. அவன் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இப்ப என்ன பண்றது?”

“தட்டைப்பயறு வச்சிருக்கேன். சீக்கிரம் வர்ற பயிர். ஈரம் இருக்கும்போதே போட்டுடு. உனக்குப் போக மிச்சம் இருந்தா எங்களுக்கு.”

“அதை எண்ணிட்டீங்களா?”

இருபது வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

“அதையும் துணியில போட்டிருந்தேன். தொண்ணூத்தாறு.”

சரி என்று தலையாட்டினான். ஆனால் அவள் வீட்டுக்கு வந்தவன் பயறு மூட்டையைத் தொடவில்லை. பயறு சுருட்டியிருந்த துணியைத் தானே பிரித்து, விரல் வைத்து ஒவ்வொரு முளையாக எண்ணினான். ‘நூறு’ வாசலிலேயே நின்றாள்.

எண்ணி முடித்தான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.