ஸ்பானர் யார் கையில்?

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற ஷூ கம்பெனி ஒன்றில், மூன்றாவது லைனின் செக்கிங் மேசை என்னுடையது. தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேலை. பெயர் சுகரா பேகம். குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கலையரசிக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

கலை குடியாத்தத்துக்காரி. அப்பா வீட்டில் நான்கு விசைத்தறி. தறி நின்றால் ஆள் வருகிறவரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தானே அடியில் புகுந்து நட்டு முடுக்கிப் பழகியவள். பாண்டியனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. எங்கள் லைனில் நாற்பது மெஷின். எது மக்கர் பண்ணினாலும் எல்லோர் வாயிலும் வருவது "கலை!" என்ற ஒரே பெயர்தான். மேலே ஊசி இறங்குகிற நேரமும் அடியில் ஹூக் சுற்றுகிற நேரமும் துளி தப்பினால் போதும், தையல் விட்டு விட்டு விழும். அதை அவள் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். எழுந்து போய் சரி செய்துவிட்டு வந்து, தன் பங்குத் தையலையும் குறையாமல் முடிப்பாள். ஆனால் ரெக்கார்டில் அவள் வெறும் ஆபரேட்டர்.

மெக்கானிக் என்று ஒருவர் இருக்கத்தான் செய்தார். கோபிநாத். ஐடிஐ முடித்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் கான்ட்ராக்டில் வந்தவர். குணத்தில் தங்கம். ஹூக் டைமிங் வைக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே கலைதான். பாதிதான் ஏறியிருந்தது.

ஜனவரியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். லைன் மெக்கானிக் வேலை, நிரந்தரம், கம்பெனிக்குள் இருக்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், டெஸ்ட் வைத்து எடுப்போம் என்று. கலை எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் ராமமூர்த்தி அந்தத் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"லேடீஸ் யாரும் இதுவரைக்கும் இத கேட்டதில்லயேம்மா?"

"கேக்கல சார். செஞ்சிகினுதான் இருந்தோம்."

அதற்குள் மகளிர் தினம் வந்தது. ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்குக் காட்ட ஒரு படம் எடுக்க வேண்டுமாம். வேலூரில் யூடியூப் சேனல் நடத்துகிற சௌம்யா என்ற பெண்ணைக் கூட்டிவந்தார்கள். ஜீன்ஸ் பேன்ட், கிராப் தலை, தானே கார் ஓட்டி வந்தவள். நம்மைப் புரிந்துகொள்வாள் என்று பார்த்தவுடன் மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. கலையின் முகம் படத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று அவளைத் தேர்ந்தெடுத்தாள். ஸ்பானரோடு நின்ற கலையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அக்கா, இது வேணாம். கையெல்லாம் கிரீஸ், பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். பட்டுச் சேலை, மல்லிப்பூ, சிரிச்ச முகமா மெஷின்ல உக்காருங்க. மெக்கானிக் அண்ணன் பக்கத்துல நின்னு ரிப்பேர் பண்ணட்டும். நீங்க அவர நன்றியோட பாக்கணும்."

"நான்தான்மா ரிப்பேர் பண்றவ," என்றாள் கலை.

"படத்துக்குத்தானேக்கா!"

கலைக்கு இஷ்டமே இல்லை. நான்தான் கெடுத்தேன். "மூணு நிமிஷப் படம், இதுக்குப் போய் இன்னாடி பேஜார்? மேனேஜர்கிட்ட நல்ல பேரு கெடைக்கும், வேலைக்கு ஒதவும்" என்று சொல்லி, என் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். குறை பார்க்கிற கண் எனக்கு அன்றைக்கு எங்கே போனதோ!

கேமரா ஓடியது. கோபிநாத் சும்மா கையை ஆட்டினால் போதும். ஆனால் கேமராவைப் பார்த்த வேகத்தில் ஹூக் ஸ்க்ரூவை நிஜமாகவே திருகிவிட்டார். "அத தொடாதீங்க, டைமிங் போய்டும்!" என்று கலை கத்தியதற்கு, "அக்கா, பேசாதீங்க, சிரிங்க" என்றாள் சௌம்யா. டைமிங் போயே போய்விட்டது. படப்பிடிப்பு முடிந்து அவர்கள் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொருத்தி வீட்டில் கோலம் போடுவதை எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, அரைமணி நேரம் போராடி அந்த மெஷினைக் கலை ஓட வைத்தாள். அதைப் படம் பிடிக்க ஒருத்தரும் இல்லை.

படத்தைக் கேன்டீன் டிவியில் போட்டார்கள். கலையைக் காட்டும்போது பின்னால் ஒரு ஆண் குரல், "பூப்போன்ற விரல்கள், பொறுமையின் வடிவம்" என்று உருகியது. அந்த விரல்களை நான் அறிவேன். ஊசி இறங்கிய தழும்பு இரண்டு, நகக்கண்ணில் போகாத கருப்பு. எல்லோரும் கை தட்டினார்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பாண்டியன்கூட வைத்தாராம். கலை சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

ஏப்ரலில் இன்டர்வியூ. சென்னை ஆபீசிலிருந்து வந்த அதிகாரிக்கு மூன்றாவது லைன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. படத்தை மட்டும் பார்த்திருந்தார். உள்ளே நடந்ததைக் கலை வெளியே வந்து அப்படியே சொன்னாள்.

"அழகா தைக்கிறீங்களேம்மா. உங்க மெஷின ரிப்பேர் பண்றவர் வெளியில நிக்கிறாரே, அவர் எடத்துக்கா போட்டி போடுறீங்க? ஆம்பளைங்க செய்ற முரட்டு வேலைம்மா அது."

"டெஸ்ட் வைங்க சார்," என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் எதுக்கு, படத்துலயே தெரியுதே" என்று சிரித்தாராம். ராமமூர்த்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பதினோரு வருஷமாக அந்த மனிதர் கண்ணெதிரே நடந்த வேலை! மூன்று நிமிஷப் பொய் அதைத் துடைத்துப் போட்டுவிட்டது. வேலை கோபிநாத்துக்குப் போனது. அவரும் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பன்னிரண்டாம் மெஷின் நின்றது. வழக்கம்போல "கலை!" என்று குரல் வந்தது. அவள் உடம்பு பாதி எழுந்தது. பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

"மெக்கானிக்க கூப்புடுங்க. நான் தைக்கிறவ."

கோபிநாத் வந்து திருகினார். மதியத்துக்குள் இன்னும் இரண்டு நின்றன. சாயங்காலம் என் மேசையில் தையல் விட்ட ஷூக்கள் மலையாகக் குவிந்தன. ஒவ்வொன்றிலும் குறை இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், ஒட்ட ஒட்ட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், கப்பலுக்குப் போக வேண்டிய ஆர்டர் தேங்கியதும் ராமமூர்த்தி லைனுக்கே ஓடிவந்தார்.

"கலையரசி, கொஞ்சம் போய் பாரும்மா."

"அது முரட்டு வேல சார்."

கோபிநாத் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், எனக்குச் சொல்லிக் குடுத்ததே அக்காதான். எனக்கு முழுசா வரல. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

ராமமூர்த்தி ஆபீசுக்குப் போய் சென்னைக்குப் போன் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கலையின் மெஷின் மேல் வைத்தார். அவளுக்கு மெக்கானிக் பிரிவில் வேலை. 'மெக்கானிக் உதவியாளர், கோபிநாத்தின் கீழ்' என்று இருந்தது. கலை படித்தாள். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஷூவை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். வேலையே போனாலும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

ராமமூர்த்தி நேராக என் மேசைக்கு வந்தார்.

"நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா."

உண்மைதான், நான் சொன்னால் கேட்பாள். ஒருமுறை கேட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்தாள். நான் என் மேசையில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, அவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கி 'உதவியாளர்' என்ற இடத்தில் ஒட்டிக் கொடுத்தேன்.

"குறை இருக்கு சார். சரி பண்ணி எடுத்துகினு வாங்க."