டால் கரண்டி எங்கே?

என் ஏழு வயது மகளுக்கு இறால் ஆகவே ஆகாது. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த கடைக்கு ஞாயிறு காலை பசியாறப் போனோம்.

"அண்ணே, இவளுக்கு இறால் ஆகாது. ரொட்டி சானாய்க்கு டால் மட்டும் ஊத்துங்க" என்று சொல்லித்தான் வாங்கினேன்.

"டால்ல ஏதுக்கா இறாலு?" என்று சிரித்தார் கடைக்காரர்.

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். உதடு வீங்கி, மூச்சு வாங்கியது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

மறுநாள் அந்தக் கடையில் போய் நின்று பார்த்தேன். இறால் கறியில் கிடந்த கரண்டியாலேயே டாலை அள்ளுகிறார்! கேட்டதற்கு, "எல்லாரும் டாலும் கறியும் கலந்துதானே லா சாப்பிடுறாங்க" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் இத்தனை வருஷம் 'கலந்து ஊத்துங்க' என்று கேட்டு வாங்கித் தின்றவள்தான். கரண்டியைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று என்மேலும் கோபம்.

இப்போது வீட்டு டாலை டப்பாவில் கொண்டுபோய், கடையில் ரொட்டி மட்டும் வாங்குகிறேன். போன வாரம் பூச்சோங்கில் ஒரு கடைக்காரர், "வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாதுக்கா" என்றார்.

"சரி பாஸ், உங்க டால் கரண்டியக் காட்டுங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். அது இறால் கறிக்குள் கிடந்தது.