ஒட்டும் பற்றில்லா

அம்மாவுக்கு டெங்கு வந்த ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து எர்ணாகுளத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன, யாராவது தானம் தர வேண்டும் என்றார் மருத்துவர். எனக்கும் தம்பிக்கும் அம்மாவின் ரத்த வகைதான். நான் தருகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

சென்னையில் இருபது ஆண்டு பத்திரிகை வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியிருந்தேன். அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டவன் தம்பி. நான் பக்கத்தில் இருக்கும்போதும் அம்மா தண்ணீர் கேட்பது அவன் பெயரைச் சொல்லித்தான். இந்த ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ரத்த வங்கியில் என்னைச் சோதித்த பெண், சமீபத்தில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்டாள். நேற்று தலைவலிக்கு ஆஸ்பிரின் என்றேன்.

"ஒட்டும் பற்றில்லா," என்றாள்.

ஒட்டும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. சுடிதார் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினேன்.

தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, மலையாளத்துல ஒட்டும்னா கொஞ்சங்கூடன்னாக்கும். கொஞ்சங்கூட முடியாதுங்கறாங்க. சொந்த ஊரு பாஷை மறந்துபோச்சா?"

காரணம் எனக்கே தெரியும். ஒருமுறை பெட்டிச் செய்தியாக எழுதியிருக்கிறேன். ரத்தக்குழாய் கிழிந்தால் முதலில் ஓடிவருபவை தட்டணுக்கள். கிழிந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மற்றவற்றையும் அழைக்கும். எல்லாம் திரண்டு அடைக்கும். அதன்மேல் உறைவின் இழைகள் பின்னும். ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்கச் சரியாகத் திரளாது. என் ரத்தத்தில் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. உபயோகமில்லை.

தம்பி படுத்தான். இயந்திரம் அவன் ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை அவனுக்கே திருப்பிக் கொடுத்தது. அவன் கைபேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதல் குத்திலேயே அவனுக்கு நரம்பு கிடைத்ததைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை கசிவு நின்றிருந்தது. அம்மா, தம்பியின் முழங்கை மடிப்பிலிருந்த பஞ்சைத் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

பாலக்காட்டிலிருந்து சித்தி கூப்பிட்டாள். "யாருடி குடுத்தது?"

"நாங்கதான் சித்தி," என்றேன்.

தம்பி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். திருத்தவில்லை. திருத்தாமல் விட்டுவிட அவனால் முடிந்ததே, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.