சாய்வாகப் போன முறிவு

ஹெப்பகோடித் தொழிற்சாலை ஒன்றில் மெஷினின் வார்ப்பிரும்புத் தண்டு முறிந்துபோய், அதை ஓட்டியவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க வந்தவன் நான். குறித்த சுமையில் தண்டு முறுக்கப்படும்போது வரும் வெட்டுத் தகைவை, அதாவது குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையின் அளவை, கணக்கிட்டேன். இரும்பு தாங்கும் அளவுதான். ஓட்டியவர் மீதே தவறு என்று அறிக்கை எழுதினேன்.

தொழிற்சாலையின் வாடிக்கையாளர் தரப்பில் ஆய்வுக்கு வந்திருந்தார் ஒரு பெண்மணி. ஒல்லியானவர், காதோரம் நரை. எந்த உடைசலையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகே பேசுவார். என் அறிக்கையைப் படித்துவிட்டுத் தண்டைத் தடவினார்.

"சாய்வா உடைஞ்சிருக்கு சார். நீங்க கணக்குல ஆக்சிஸ தண்டுக்கு நேரா வெச்சிருக்கீங்க. நாப்பத்தஞ்சு டிகிரி திருப்பிப் போடுங்க."

கணக்கை அப்படித் திருப்பிப் போட்டேன். சுமை மாறவில்லை. ஆனால் அந்தத் திசையில் வெட்டு பூஜ்யமாகி, அத்தனையும் இழுப்பாக நின்றது. வார்ப்பிரும்பு அவ்வளவு இழுப்பைத் தாங்காது. வடிவமைப்பே பிழை.

"அப்போ மெஷின ஓட்டினவரு நாளைக்கு வேலைக்கு வரலாம்ல?"

"வரலாம் மேடம்."

தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆபரேட்டரை அந்தப் பெண்மணி பார்த்ததே இல்லை என்று பிறகு தெரிந்தது. அறிக்கைக்காக அவரை இரண்டு முறை எதிரே உட்காரவைத்துப் பேசியவன் நான்தான்.