வாசலில் நீட்டிய கால்

ஆம்பூரில் நான் வேலை செய்த தோல் கிடங்கின் காவல்காரர் முன்பு கப்பலில் இருந்தவர். வெண்தாடி, அகலத் தோள். காற்று கொஞ்சம் வலுத்தால் போதும், அதற்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டுவார். "புயலோட நடு அந்தப் பக்கம்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

ஒரு கார்த்திகையில் புயல் ஆம்பூர் வரைக்குமே வந்துவிட்டது. காலையெல்லாம் அடித்த காற்று மதியம் சட்டென்று நின்று, வெயில்கூட எட்டிப் பார்த்தது. இரண்டு நாளாய் உள்ளே கிடந்த ஈரத்தோல் அழுகிவிடுமே என்று, காயப்போட ஆளுக்கொரு கட்டாய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசலை மறித்துக் காலை நீட்டி அவர் உட்கார்ந்திருந்தார்.

"காத்துதான் நின்னு போச்சே பாய், வழி வுடுங்க" என்றேன்.

"நிக்கல. கடல் சூட்டுல கிளம்பி சுத்திக்கினே வர்ற காத்து இது. சுத்துக்கு நடுவுல அமைதியாத்தான் இருக்கும். நாம இப்ப நடுவுல இருக்கோம். இனிமே எதிர்ப்பக்கமா அடிக்கும். உள்ள போங்க."

அந்தக் காலைத் தாண்ட யாருக்கும் மனம் வரவில்லை, முணுமுணுத்தபடி திரும்பினோம். கதவைச் சாத்திவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அரை மணிக்குள் எதிர்ப்பக்கத்துக் காற்று வந்து, பக்கத்துக் கொட்டகையின் கூரையைப் பெயர்த்துத் தோல் காயப்போடும் முற்றத்தில் போட்டது.

மாலையில் எல்லாம் ஓய்ந்ததும் அவர் இடது கையை நீட்டினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பயபக்தியோடு அந்தத் திசையைப் பார்த்தோம்.

"அங்க இன்னா பாக்கறீங்க? கால் மரத்துப் போச்சு, தூக்கி வுடுங்கப்பா" என்றார்.