ஐந்தேகால் பஸ்

கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவளுக்கு 'அஞ்சு மணி அக்கா' என்று பெயர். கடிகாரம் ஐந்தைத் தொட்டதும் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்கமாட்டாள். பதினொரு வருஷமாகப் பதவி உயர்வு அவளைத் தாண்டித் தாண்டியே போனது. நினைத்தால் வயிறு எரியும். எரிந்தாலும் வேலையில் குறை வைக்கமாட்டாள்.

அந்த மாதம் தையல் ஆலையின் கூலிக் கணக்கு அவள் மேசைக்கு வந்தது. அங்கே தைத்த துண்டுக்குத்தான் காசு. அதை நேரத்தால் வகுத்தால் மணிக்கூலி. நீண்ட நேரம் தைப்பவர்களுக்கு மணிக்கூலியும் அதிகமாக இருந்தது. எனவே நேரம்தான் திறமையைக் கொடுக்கிறது, எட்டு மணி நேரம் தைக்காதவர்களுக்குத் துண்டுக்கு விலையைக் குறைக்கலாம் என்று மேலதிகாரி முடிவுரையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். ஆலைக்குக் கூலி நிர்ணயிக்கும் குழுவும் அதற்குத்தான் காத்திருந்தது. இவள் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் கிளம்புகிற நானூறு பெண்களின் வயிற்றில் அடித்த மாதிரி.

எண்களில் தப்பில்லை, படித்த விதம்தான் தலைகீழ். கைவேகமுள்ளவள் நாலு காசு பார்க்கலாமே என்று இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவாள். வேகமில்லாதவள் எப்போதடா மணியடிக்கும் என்று பார்ப்பாள். நேரம் கூலியைக் கூட்டுகிறதா, கூலி நேரத்தை நீட்டுகிறதா? பிரித்துப் பார்க்க வேண்டுமானால், திறமைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று வந்து நேரத்தை மட்டும் வெட்டியிருக்க வேண்டும்.

மூன்று நாள் படிவங்களைப் புரட்டினாள். நாலாம் நாள் அகப்பட்டது. ஆறரை மணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் ஐந்து மணிக்கே கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். விடுவாளா? நேரே ஆலைக்குப் போய்க் கேட்டாள்.

"பாலம் பழுதுன்னு போன வருஷமே கடைசி பஸ்ஸை அஞ்சேகாலுக்கு மாத்திட்டாங்க. நடந்தா போக முடியும்?" என்றாள் காலர் தைப்பவள்.

அதே கை, அதே மெஷின். போனது நேரம் மட்டும். பஸ் மாறிய பிறகு வந்த ஒரு வருஷக் கூலியை எடுத்து, பெண் பெண்ணாக வகுத்து, பஸ் மாறுவதற்கு முந்தைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மணிக்கூலி இம்மியும் அசையவில்லை. மேலதிகாரியின் முடிவுரையை அடித்துவிட்டுத் தன்னுடையதை எழுதினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "அப்ப, சீக்கிரம் கிளம்புறவங்களும் இருக்கிற நேரத்துல அதே அளவு வேலைதான் செய்யறாங்கன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல சார். பஸ் சொல்லுது."

உட்காருங்கள், ஆறு மணி வரை பேசலாம் என்றார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மணி அஞ்சு சார். மிச்சத்தைக் காலையில பேசலாம்."

கதவருகே திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக அவள் எழுந்தாலே கடிகாரத்தை முறைப்பவர், இன்று குனிந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.